குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதுமில்லை

நிறைநிலை நிறுவனம் அதற்கு வைத்திருந்த பெயர் 'வரலாற்றுச் செம்மையாக்கம்'. வைத்தவர் முனைவர் கோகுலவாணன், தலைமை வரலாற்று அலுவலர். அவருக்கு முனைவர் பட்டம் கொடுத்த பல்கலைக்கழகம் எந்த நாட்டில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஊழியர்கள் அந்தச் செம்மையாக்கத்தை 'நசுக்கு' என்றார்கள்.

"உனக்கு எப்போ நசுக்கு?"

"வர்ற வெள்ளி."

"நசுங்கிட்டு வா, டீ சாப்பிடலாம்."

நசுக்குகிற மேசை பெனிட்டாவுடையது. சோழிங்கநல்லூர்க் கட்டடத்தில் சாப்பாட்டுக் கூடத்துக்கும் கழிவறைக்கும் நடுவே அவளுக்கு ஓர் அறை. இரண்டு பக்கத்து வாசனையும் வரும். சொந்த ஊர் நாகர்கோவில். வயது நாற்பதுக்கு மேல். சிரித்த முகத்தோடு இருக்க வேண்டும் என்பது வேலை விதி. காலையில் ஒருமுறை சிரித்து, அதையே சாயங்காலம் வரை ஓட்டுவாள்.

விஷயம் ஒன்றும் புதிதல்ல. அந்தக் காலத்தில் கணினி நிரல் எழுதுகிறவர்கள் செய்த மாற்றத்தையெல்லாம் ஒவ்வொரு பதிவாகப் போட்டுவைப்பார்கள். 'சின்னத் திருத்தம்', 'மறுபடி சின்னத் திருத்தம்', 'இப்போ சரி', 'இல்லை, இப்போதான் சரி' என்று அது நீண்டுகொண்டே போகும். மேலதிகாரி பார்ப்பதற்குள் அத்தனையையும் ஒன்றாக நசுக்கி, ஒரே பதிவாக்கி, 'புதிய வசதி சேர்க்கப்பட்டது' என்று மேலே ஒரு வரி எழுதிவிடுவார்கள். நடுவில் விழுந்தது, எழுந்தது, முட்டிக்கொண்டது எதுவும் தெரியாது. பிறந்ததிலிருந்தே தப்பு செய்யாதவன் எழுதியது போல இருக்கும்.

பிறகு காதுக்குப் பின்னால் அரிசி அளவில் ஒரு சில்லு வந்தது. தூங்கும்போது அன்றைய நாள் ஒரு பதிவாக அதில் இறங்கும். கூட்டங்களில் யார் என்ன சொன்னார் என்று மறக்காமல் இருப்பதற்காகத்தான் கொண்டுவந்தார்கள். மறக்காமல் இருந்தவர்கள் மூன்று மாதத்தில் பைத்தியம் பிடித்தவர்கள் போல ஆனார்கள். அப்போதுதான் கோகுலவாணனுக்கு அந்த யோசனை வந்தது. நிரலை நசுக்கலாம் என்றால் நிரல் எழுதுகிறவனை ஏன் நசுக்கக் கூடாது?

திட்டம் முடிந்ததும், அது தொடங்கிய நாளிலிருந்து முடிந்த நாள் வரை உள்ள பதிவுகள் அத்தனையும் ஒன்றாகும். மேலே என்ன தலைப்பு என்பதை மேலாளர் எழுதுவார். ஊழியர் அடுத்த திட்டத்துக்குப் புதுத் தலையோடு போவார். முதுகு மட்டும் பழசாகவே இருக்கும். அதற்கு இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.

சின்னச் சின்னக் கோளாறுகள் இருந்தன. திட்டத்தின் நடுவில் சிகரெட் பழகி, நடுவிலேயே கஷ்டப்பட்டு விட்ட ஒருவர், நசுக்கு முடிந்த திங்கட்கிழமை முதல் சிகரெட்டைப் பற்றவைத்து "ஆகா" என்றார். சண்டை போட்டுச் சமாதானமான தம்பதி, அதே சண்டையை முதல் வசனத்திலிருந்து ஆரம்பித்தார்கள். ராஜினாமாக் கடிதம் கொடுத்துத் திரும்பப் பெற்ற ஒருவர் ஒவ்வொரு திட்டத்திலும் கொடுத்துத் திரும்பப் பெற்றார். இவையெல்லாம் நிறுவனத்தின் அறிக்கையில் 'புத்துணர்வின் அறிகுறிகள்' என்ற தலைப்பில் வந்தன.

அன்று மதியம், பெனிட்டா டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தபோது நித்திலா வந்தாள். மூன்றாம் தளத்தில் சோதனைப் பிரிவு. முப்பது வயதைத் தாண்டியவள். உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, வெள்ளிக்கிழமை எனக்கு முறை. ஒரே ஒரு நாளை மட்டும் நசுக்காம எடுத்து வைக்க முடியுமா?"

"எல்லாரும் கேக்குறதுதான். என்ன, ஊட்டி டூரா?"

"பாப்பா."

பிஸ்கட் டீக்குள் விழுந்தது. பெனிட்டா எடுக்கவில்லை.

"சொல்லும்மா."

"என் வீட்டுக்காரர் துருவன், இதே ஆபீஸ்தான். பேமென்ட் பிரிவு. அவருக்குப் போன வெள்ளிக்கிழமை நீங்கதான் பண்ணீங்க."

பெனிட்டாவுக்கு ஞாபகம் இருந்தது. உயரமான ஆள். உள்ளே வரும்போது கண் சிவந்திருந்தது. போகும்போது "தேங்க்ஸ் மேடம், ஏசி சூப்பர்" என்றுவிட்டுப் போனார்.

"சாயங்காலம் விசிலடிச்சிட்டு வந்தாருக்கா. ஹால்ல மல்லாக்கப் படுத்து மேல பார்த்தாரு. 'நித்தி, இங்க எதுக்கு ஒரு கொக்கி?'ன்னு கேட்டாரு."

"தூளி கட்டினதா?"

"ம். செடி தொங்கவிடன்னு சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை போய் ஒரு தொட்டி வாங்கிட்டு வந்து தொங்கவிட்டாரு. தினம் ஸ்டூல் போட்டு ஏறித் தண்ணி ஊத்துறாரு."

"நீ சொல்லலையா?"

"என்னன்னு சொல்ல? உனக்கு ஒரு பொண்ணு இருந்தா, காய்ச்சல்ல போயிட்டா, இப்ப அழுன்னா? ஒருதடவை அழுது முடிச்ச மனுஷனை மறுபடி முதல்லேருந்து அழ வைக்கவா?" நித்திலா துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள். "ஆபீஸ் வேலையைத்தான் நசுக்குறாங்கன்னு நினைச்சோம்க்கா. கையெழுத்துப் போடும்போது அப்படித்தான் சொன்னாங்க."

"வீட்டுல உக்காந்துதானே வேலை பார்த்தீங்க? மீட்டிங்ல பேசிக்கிட்டே தூளி ஆட்டியிருப்ப. அதைப் பிரிக்க மெஷினுக்கு வராது. அது நடுவுல என்ன நடந்துச்சுன்னே பாக்காதும்மா. ஆரம்பிச்ச அன்னைக்கு எப்படி இருந்துச்சு, முடிஞ்ச அன்னைக்கு எப்படி இருக்கு, வித்தியாசம் என்ன, அவ்வளவுதான். நீ கத்துக்கிட்ட வேலை இருக்கும். வாங்கின பிரிட்ஜ் இருக்கும். ஏன்னா அதெல்லாம் கடைசிலயும் இருக்கு. ஆனா நடுவுல வந்து, நடுவுலயே போன எதுவும்..."

"அடிச்சுக்கும்."

"அடிச்சுக்கும். ஆரம்பத்துல வீட்டுல ரெண்டு பேர். கடைசில ரெண்டு பேர்."

"அதான் அவருக்கு அப்படி வந்திருக்கு." நித்திலா போனை நீட்டினாள். துருவனுக்கு வந்த ஒப்புதல் செய்தி அது. மேலாளர் தலைப்பிட்டிருந்தார்: 'திட்டம் வெற்றிகரமாக நிறைவு. குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதுமில்லை.'

"நான் வேலையை விட்டுட்டா?" என்று கேட்டாள்.

"சில்லைத் திருப்பிக் கொடுக்கணும். நசுக்கித்தான் வாங்கிக்குவாங்க. சுத்தமா வந்தீங்க, சுத்தமா போகணும்னு ஒரு விதி இருக்கு."

"எங்கம்மாகிட்ட சொல்லி வச்சா?"

"அவங்ககிட்டயும் கையெழுத்து வாங்கியிருப்பாங்களே. பணியாளரோட புத்துணர்வைக் குலைக்கிற எதையும் எடுத்துச் சொல்ல மாட்டோம்னு. வீட்டுக்கு ஆள் வந்து சாமான் எல்லாம் எடுத்துட்டுப் போயிருப்பாங்க."

"மூட்டையா கட்டிக் கொண்டுபோனாங்க. கொக்கியை மட்டும் கழட்ட வரலை." பிறகு மெதுவாகச் சொன்னாள்: "என் வயித்துல தழும்பு இருக்குக்கா."

"குடல்வால் ஆபரேஷன்னு சொல்லுவாங்க."

அறைக்கு வெளியே யாரோ கழிவறைக் கதவைத் தட்டி, உள்ளே இருப்பவரை அவசரப்படுத்தினார்கள். பெனிட்டா அந்தச் சத்தம் ஓயும்வரை காத்திருந்தாள். இந்த மேசைக்கு வந்ததிலிருந்து அவள் யாருக்கும் எந்த வழியும் சொன்னதில்லை. சொன்னால் அடுத்தவரும் கேட்பார். அதற்குத் தெம்பு இல்லை.

"ஒரு வழி இருக்கு" என்றாள். "ஒண்ணா நசுக்காம ரெண்டா நசுக்கலாம். பாப்பா இருந்த ஏதாவது ஒரு நாள்ல வெட்டணும். ஆரம்பத்துலேருந்து அந்த நாள் வரைக்கும் ஒரு பதிவு. அதுக்கப்புறம் ஒண்ணு. முதல் பதிவோட கடைசில பாப்பா இருக்கா இல்லையா, அதனால நிப்பா. அந்த நாள்ல எப்படி இருந்தாளோ அப்படி."

"அதுக்கு முந்தி?"

"இருக்காது."

"போனது?"

"போயிட்டான்னு தெரியும். எப்படின்னு தெரியாது."

"ஒரே நாள்."

"ஒரே நாள்மா. நீதான் சொல்லணும்."

பிறந்த நாளைச் சொல்வாள், இல்லை முதலில் குப்புற விழுந்த நாளைச் சொல்வாள் என்று பெனிட்டா நினைத்தாள். நித்திலா அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. முன்பே யோசித்துவைத்திருக்கிறாள்.

"ஒரு புதன்கிழமைக்கா. கரண்ட் போயிடுச்சு. லேப்டாப்ல சார்ஜ் இல்ல, மீட்டிங் கட்டாயிடுச்சு. யாரும் கூப்பிட முடியாது. தரை குளுகுளுன்னு இருந்துச்சு. ரெண்டு பேரும் அப்படியே படுத்துக் கிடந்தோம். என் மூக்கைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே இருந்தா. கரண்ட் வர்ற வரைக்கும் இழுத்தா. அவ்வளவுதான். ஒண்ணும் நடக்கலை."

"பேரு என்னம்மா?"

"சாரல்."

ஒரு திட்டத்துக்கு இரண்டு பதிவு வேண்டுமென்றால் கோகுலவாணனின் அனுமதி வேண்டும். பெனிட்டா மறுநாள் மேல்தளத்துக்குப் போனாள். வரவேற்பில் இருந்த பையன், தலைவர் 'நினைவில் இருக்கிறார்' என்று சொல்லி உட்கார வைத்தான். தூங்குகிறார் என்பதற்கு அங்கே அப்படித்தான் சொல்ல வேண்டும்.

கோகுலவாணன் மட்டும் ஒருபோதும் நசுக்கப்பட்டதில்லை. அவருடைய வரலாறு நிறுவனத்தின் பாரம்பரியச் சொத்து என்று இயக்குநர் குழுவில் தீர்மானம் போட்டிருந்தார்கள். தீர்மானத்தை முன்மொழிந்தவர் அவரே. சில்லு வைத்த நாளிலிருந்து ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு பொங்கலும் அதன் நெய் உட்பட, அப்படியே இருந்தது. அறையின் கண்ணாடிச் சுவர் முழுக்க அந்தப் பதிவுகள் புள்ளி புள்ளியாக மின்னின. எதிர்ச்சுவரில் பொன்னிற எழுத்தில் ஒரு வாசகம்: 'ஒரு திட்டம், ஒரு பதிவு.'

பெனிட்டா சொல்லி முடிக்கும்வரை அவர் கண்ணை மூடியிருந்தார். பிறகு மேடைத் தமிழில் பேசினார். தனியாக இருக்கும்போதும் அப்படித்தான் பேசுவார் என்று கேள்வி.

"மிகவும் வருந்துகிறேன். ஆயினும் சிந்தித்துப் பாருங்கள். நிகர மாற்றம் பூஜ்யம் என்றால், இழப்பும் பூஜ்யம்தானே?"

"அந்த அம்மாவுக்கு அப்படி இல்லை சார்."

"வெள்ளிக்கிழமை வரை இல்லை. அதற்குப் பிறகு ஆகிவிடும். அதுதானே நம் சேவை?"

"ஒரே ஒரு வெட்டுத்தான் சார். எனக்குக் கூடுதலா பத்து நிமிஷம் ஆகும். யாருக்கும் தெரியாது."

"வாடிக்கையாளருக்குத் தெரியும். அவர்கள் நம் ஊழியரின் வரலாற்றைத் திறந்தால் ஒரே நேர்க்கோடு தெரிய வேண்டும். நடுவில் ஒரு முடிச்சு இருந்தால் கேள்வி கேட்பார்கள். இன்று ஒரு குழந்தைக்கு முடிச்சு என்றால் நாளை ஒருவர் நாய்க்குட்டிக்குக் கேட்பார்." சுவரில் ஒரு புள்ளியைத் தொட்டார். முகம் மலர்ந்தது. "ஆகா! கோவை மாநாடு. இதே கருத்தைத்தான் அங்கும் சொன்னேன். என்ன கைதட்டல்!"

"உங்களுக்கு மட்டும் எல்லாம் இருக்கே சார்."

கேட்ட பிறகுதான் கேட்டுவிட்டோம் என்று தெரிந்தது. அவர் கோபப்படவில்லை. பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டார்.

"நானும் நசுங்கிவிட்டால், நிறுவனம் எதைக் கொண்டு தன்னை நினைவுகூரும்?"

அனுமதி இல்லை என்பதைப் பெனிட்டா படியில் இறங்கும்போதுதான் முழுதாகப் புரிந்துகொண்டாள். அவர் 'முடியாது' என்ற சொல்லைச் சொல்லவே இல்லை.

கேட்காமலேயே வெட்டிவிடலாமா என்று யோசித்தாள். முடியாது. இரண்டாவது பதிவு ஒன்று எழுந்தால் மெஷின் மேல்தளத்துக்கு மணி அடிக்கும். அடுத்த நிமிஷம் இரண்டையும் சேர்த்து யாராவது நசுக்குவார்கள், அதுவும் அவசரத்தில்.

வெள்ளிக்கிழமை நித்திலா தலை குளித்து, பூ வைத்து வந்திருந்தாள். பெனிட்டாவின் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டாள்.

"ஒத்துக்கலையா?"

"ஒத்துக்கலை."

"எதிர்பார்த்ததுதான்." சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, காதோரம் முடியை ஒதுக்கிக் கொடுத்தாள். "அக்கா, நீங்களாவது ஞாபகம் வச்சுக்குவீங்களா? சும்மா, பேரை மட்டும்."

பொய் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. "எனக்கும் மார்ச்சுல முறைம்மா" என்றாள் பெனிட்டா.

நித்திலா சிரித்துவிட்டாள். "உங்களுக்குமா? அப்ப நசுக்குறவங்களை யாரு நசுக்குறது?"

"நைட் ஷிப்ட்ல ரியாஸ்னு ஒருத்தன் இருக்கான். கை கொஞ்சம் முரடு."

"கரண்ட் போயிடுச்சுன்னு சொன்னேன்ல, அந்த நாளை நினைச்சுக்கிட்டே இருக்கேன். நீங்க ஆரம்பிங்க."

"நினைச்சாலும் நிக்காதும்மா."

"தெரியும்க்கா. ஆரம்பிங்க."

முடிந்ததும் நித்திலா எழுந்து சோம்பல் முறித்தாள். தலையில் இருந்த பூவைத் தொட்டுப் பார்த்து, இன்றைக்கு என்ன விசேஷம் என்று யோசிப்பது போல நின்றாள். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "முதுகுதான் மேடம் கழண்டுபோகுது, மத்தபடி ஜம்முனு இருக்கு" என்றாள். பெனிட்டா 'அக்கா' ஆனது திட்டத்தின் நடுவில்தான்.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை புத்துணர்வு நாள். புதிதாக நசுங்கியவர்களை அரங்கத்தில் உட்கார வைத்துக் கோகுலவாணன் உரையாற்றுவார். யாருக்காவது தலைசுற்றினால் பார்த்துக்கொள்வதற்காகப் பெனிட்டாவும் போக வேண்டும். நித்திலாவும் துருவனும் உட்கார்ந்திருந்த வரிசைக்குப் பின்வரிசையில் அவளுக்கு இடம் கிடைத்தது. இருவரும் ஒரே முறுக்குப் பொட்டலத்திலிருந்து சத்தம் வராமல் தின்றுகொண்டிருந்தார்கள்.

தலைமைப் பண்பு என்பது பொறுமை என்று தொடங்கினார் கோகுலவாணன். மேடையின் பின்சுவரிலும் அவருடைய பதிவுகள் மின்னின; உதாரணத்துக்காக அதில் ஒரு புள்ளியைத் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டார்.

"'இல்லம் தேடித் தலைமை' என்ற திட்டத்தின் கீழ், நம் ஊழியர் ஒருவர் வீட்டுப் பெயர்சூட்டு விழாவுக்குச் சென்றிருந்தேன். யார் வீடு என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. மேடவாக்கம். நான்காவது மாடி. லிப்ட் ஓடவில்லை. ஏறினேன்! மேடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை. 'அன்பு நிறைந்தோரே' என்றேன். குழந்தை வீறிட்டது. நிறுத்தினேன். அதுவும் நிறுத்தியது. 'அன்பு நிறைந்தோரே.' மறுபடி வீறிட்டது."

அரங்கத்தில் எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பியது.

"நம்ம பில்டிங்லயும் லிப்ட் ஓடாது" என்று துருவன் கிசுகிசுத்தான்.

"மேடவாக்கத்துல எந்த பில்டிங்ல ஓடுது?" என்றாள் நித்திலா.

"நான் விடவில்லை" என்றார் கோகுலவாணன். "முழு உரையையும் ஆற்றினேன். முழு உரைக்கும் அது அழுதது. பால் கொடுத்தார்கள், கிலுகிலுப்பை ஆட்டினார்கள், பயனில்லை. இறுதியில் 'நன்றி, வணக்கம்' என்றேன். அந்தக் கணமே வாயைத் திறந்து சிரித்தது! பெயர் சாரல் என்று வைத்தார்கள். நான் சொன்னேன், சாரலா இது? இடி!"

அவர் எதிர்பார்த்தது மரியாதையான ஒரு கைதட்டல். வந்ததோ வெடிச்சிரிப்பு. பல வருஷங்களாக அவர் உரைகளைக் கேட்டு, நசுக்கில் மறந்து, மறுபடி கேட்டவர்கள் அத்தனை பேருக்காகவும் யாரோ ஒருத்தி அழுதிருக்கிறாள் என்பது போலச் சிரித்தார்கள். நித்திலா முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"விவரமான பொண்ணு" என்றாள், துடைத்துக்கொண்டே.

"பேரு நல்லாயிருக்குல்ல?" என்றான் துருவன்.

"ம். நல்லாயிருக்கு."

பெனிட்டா சிரிக்கவில்லை. தனக்கு முன்னால் இருந்த இரண்டு முதுகுகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தட்டுத் தட்டி, காதில் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். சொன்னால் அடுத்து காய்ச்சலைச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியைச் சொல்ல வேண்டும். கோகுலவாணன் சொன்ன கதையில் காய்ச்சலும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை. நல்ல தொண்டை ஒன்று மட்டும் இருந்தது. அதற்கும் அவருக்கும் நடந்த போட்டியில் அதுதான் ஜெயித்தது.

கூட்டம் கலைந்ததும் மேடைக்குப் போனாள். கோகுலவாணன் முகம் தொங்கிப்போய்க் குறிப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"பொறுமையைப் பற்றிச் சொன்னேன். சிரிக்கிறார்கள்" என்றார். "அந்த நிகழ்ச்சியை இனிச் சொல்லப்போவதில்லை."

"ஐயோ, விட்டுடாதீங்க சார்."

அவர் நிமிர்ந்தார்.

"இத்தனை வருஷமா நீங்க பேசினதுலயே அதுதான் சார் ஜனங்க நிமிர்ந்து உக்காந்து கேட்டது. ஒரு ஆள் போனைப் பாக்கலை. எல்லாப் புத்துணர்வு நாளுக்கும் சொல்லுங்க சார். இன்னைக்குக் கேட்டவங்க அடுத்த நசுக்குல மறந்துருவாங்க. மார்ச்சுக்கு மேல நானே மறந்துருவேன். நீங்க சொன்னாத்தான் உண்டு."

பெனிட்டாவின் வாழ்க்கையில் இவ்வளவு நீளமாக அவள் யாரையும் புகழ்ந்ததில்லை. வாய் வலித்தது. ஆனால் வேலை செய்தது. கோகுலவாணனின் தோள்கள் மெல்ல விரிந்தன.

"அப்படியானால் சற்று விரிவாகவே சொல்லலாமோ? உரையின் முழு வாசகத்தோடு?"

"சொல்லுங்க சார். அவ அழுற இடத்தை மட்டும் சுருக்கிடாதீங்க."

"பெண் குழந்தையா அது?"

"சாரல்னு நீங்கதானே சார் சொன்னீங்க."

"ஆம், ஆம். சாரல்." அவர் கண்ணை மூடி, சுவரில் புள்ளியைத் தேடித் தொட்டார். "இப்போதே ஒருமுறை ஒத்திகை பார்க்கிறேன். எங்கே நீளுகிறது என்று சொல்லுங்கள்."

காலியான அரங்கத்தில் பெனிட்டா முன்வரிசை நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றிக் காலை நீட்டிக்கொண்டாள். அவர் தொண்டையைச் செருமி, கைகளை அகல விரித்து, "அன்பு நிறைந்தோரே" என்றார்.

அடுத்து சாரல் அழ வேண்டும்.